புகைக்குள் ஒரு பள்ளிக்கூடம்: யவாத்தாவின் போருக்குப் பிந்தைய பிள்ளைகள்

கேள்வி இது: "போர் முடிந்த கையோடு எழுந்து நின்ற தொழில் நகரங்களில் வளர்ந்தவர்கள், தங்கள் பள்ளி நாட்களை ஏதோ பொற்காலம் மாதிரிச் சொல்கிறார்கள். பசி, நெரிசல், ஆலைப் புகை இவைதானே அங்கே இருந்தன? அவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?"

பெரும்பாலும் நம்பலாம் என்பது என் பதில். ஆனால் அவர்கள் வழக்கமாகச் சொல்லாமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது, அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது என்பதால் எனக்குப் பழக்கமான ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஜப்பானின் கிதாக்யூஷு, குறிப்பாக அதன் யவாத்தா பகுதி. வேலை நிமித்தம் அந்த ஊரில் குடியிருந்தபோது, அக்கம்பக்கத்தில் இருந்த பெரியவர்கள் பலரும் 1940களின் கடைசியிலும் 50களிலும் அங்கே பள்ளிக்குப் போனவர்கள். பேச உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்னதையும், ஊர் வரலாற்றில் பதிவாகியிருப்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர். கியூஷு தீவின் வடக்கு முனையில் மோஜி, கொக்குரா, தோபாத்தா, யவாத்தா, வக்காமட்சு என்று ஐந்து நகரங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன. 1963 பிப்ரவரியில் ஐந்தையும் சேர்த்து கிதாக்யூஷு என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் பிறந்தவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். யவாத்தா, அரசாங்கம் 1901இல் தொடங்கிய எஃகு ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். பின்பக்கம் சிக்குஹோ நிலக்கரிச் சுரங்கங்கள், முன்பக்கம் கப்பல் வந்து போக டோக்காய் வளைகுடா. ஆலை அங்கே வந்ததற்கு அந்த இரண்டும் போதுமான காரணம்.

எஃகு ஆலை இருக்கிற ஊரை எதிரி விடுவானா? 1944 ஜூன் 15ஆம் தேதி இரவு, சீனாவிலிருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானின் பெருந்தீவுகள் மேல் நடத்திய முதல் தாக்குதலே யவாத்தா ஆலையைக் குறிவைத்துத்தான். 1945 ஆகஸ்ட் 8ஆம் தேதி தீக்குண்டுகளால் ஊரையே எரித்தார்கள். மறுநாள் காலையில் பக்கத்து கொக்குராவின் மேலே அணுகுண்டோடு ஒரு விமானம் வந்து மூன்று முறை வட்டமடித்தது. அங்கிருந்த பெரிய ஆயுதச்சாலைதான் அன்றைய இலக்கு. கீழே ஒன்றும் தெரியாததால் விமானம் திரும்பி நாகசாகிக்குப் போயிற்று. அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

கொக்குராவை அன்று மறைத்தது எது? மேகம் என்று சிலர், முந்தைய நாள் யவாத்தா எரிந்த புகை என்று சிலர் சொல்கிறார்கள். தார் எரித்து வேண்டுமென்றே புகைத்திரை எழுப்பினோம் என்று, ஆலையில் வேலை செய்த ஒருசிலர் பல பத்தாண்டுகள் கழித்து வாய் திறந்தார்கள். எது சரி என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் அங்கே வளர்ந்த பிள்ளைகளின் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: புகையால்தான் நாம் பிழைத்தோம். அதை உரக்கச் சொல்ல முடியாது, ஏனென்றால் நமக்குப் பதிலாக வேறு ஊர் செத்தது. கொக்குராவின் கட்சுயாமா பூங்காவில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 9 அன்று நினைவுக் கூட்டம் நடக்கிறது. புகையைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் பேசும்போது குரலில் வெறுப்பு மட்டும் இருக்காது என்பதற்கு இது முதல் காரணம்.

சரி, பள்ளிக்கு வருவோம்.

1945 இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்தபோது முதலில் நடந்தது பாடப்புத்தகத்தில் மை பூசும் வேலை. படை, வெற்றி, பேரரசு என்று வருகிற வரிகளை ஆசிரியர் படித்துச் சொல்ல, பிள்ளைகள் தூரிகையை மையில் தோய்த்து அந்த வரிகளை அழிக்க வேண்டும். நாடு முழுக்க நடந்ததுதான் இது. தாள் மட்டமானது, மை மறுபக்கத்துக்கு ஊறிவிடும். அதனால் அழிக்க வேண்டியது ஒரு பத்தியாக இருந்தாலும் இரண்டு பக்கமும் போய்விடும். எனக்கு இதைச் சொன்ன பாட்டி, போன வருஷம் இதே வரியைத் தப்பில்லாமல் ஒப்பிக்காததற்காக இதே ஆசிரியர் அடித்தார் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபமெல்லாம் இல்லை, சிரித்தார். ஆனால் பெரியவர்கள் சொல்வதை முழுதாக நம்பாத ஒரு தலைமுறை அந்த வகுப்பறைகளில்தான் உருவாயிற்று என்று எனக்குத் தோன்றும். இருபது ஆண்டு கழித்து இதே ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் என்று பின்னால் சொல்கிறேன், அப்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் எரிந்த இடங்களில் மரத்தடியில், திறந்த வெளியில் பாடம். 1947 ஏப்ரலில் புதிய கல்வி முறை வந்தது: ஆறு ஆண்டு தொடக்கப் பள்ளி, மூன்று ஆண்டு நடுநிலைப் பள்ளி, ஒன்பது ஆண்டும் கட்டாயம். சட்டம் போட்டாயிற்று, நடுநிலைப் பள்ளிக்குக் கட்டடம்தான் இல்லை. தொடக்கப் பள்ளியின் ஓரத்தில் இடம் வாங்கிக்கொண்டு, காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் ஒரு கூட்டம் என்று இரண்டு வேளையாக நடத்தினார்கள். அதே 1947 தொடங்கி மூன்று ஆண்டுகள் நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் பள்ளிக்கு வந்தபோது ஒரு வகுப்பில் 50, 60 பேர். பின்வரிசைப் பையன் கரும்பலகைக்குப் போக வேண்டுமானால் நாலு பேர் எழுந்து வழிவிட வேண்டும்.

தலையில் பேன் இருக்கிறது என்று வரிசையில் நிற்க வைத்து டிடிடி பொடியைத் தூவினார்கள். வெள்ளைத் தலையோடு வீட்டுக்குப் போன கதையை எல்லாரும் வேடிக்கையாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பொடி என்னென்ன செய்யும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சாப்பாட்டுக் கதை இல்லாமல் இந்தத் தலைமுறையின் பேச்சு முடியாது. வெளிநாட்டு உதவிப் பொருட்களைக் கொண்டு 1947 தொடக்கத்திலிருந்து பெரிய நகரங்களில் பள்ளி மதிய உணவு படிப்படியாக வந்தது. 1954இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. கொழுப்பு நீக்கிய பால்பொடியை வெந்நீரில் கரைத்து, அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். அதன் வாடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், 80 வயதுக்காரர் முகத்தை எட்டு வயதுப் பையன் மாதிரிச் சுளிப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிப்பது ஒரு வழி. ஆறவிட்டால் மேலே ஆடை படிந்து இன்னும் மோசமாகிவிடும். கிண்ணத்தைக் காலி செய்யாமல் எழுந்திருக்கக் கூடாது என்று நிற்கும் ஆசிரியர், பிற்பகல் முழுக்கக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், பக்கத்துக்காரனுக்குக் கோலிக்குண்டு கொடுத்துத் தன் பங்கைக் குடிக்க வைக்கும் ஒரு பையன்: ஏறக்குறைய ஒவ்வொரு வகுப்பிலும் இவர்கள் இருந்தார்கள். கூட நீளமான ரொட்டி, அப்புறம் பொரித்த திமிங்கிலக் கறி. அந்தக் கறி அப்போது மலிவு. மெல்ல மெல்லத் தீராது என்பார்கள். இன்றைக்கு அதே கறி உணவகத்தில் நல்ல விலைக்கு விற்கிறது, இவர்களே காசு கொடுத்துச் சாப்பிடப் போகிறார்கள்.

பள்ளியில் பரிமாறுவதும் பிள்ளைகள்தான், பாத்திரம் சுமப்பதும், முடிந்தபின் வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகள்தான். யவாத்தாவில் துடைக்கிற வேலைக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு. காலையில் துடைத்த மேசையை மதியம் விரலால் தேய்த்தால் விரல் கறுப்பாகும். அதில் பெயர் எழுதி விளையாடுவார்கள்.

1950இல் கொரியாவில் போர் மூண்டது. அமெரிக்கப் படைக்குத் தேவையான பொருட்கள் ஜப்பானிலிருந்து போயின, உலோக விலை எகிறியது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பொருளாதாரச் செய்தியாக வந்து சேரவில்லை, கைச்செலவுக் காசாக வந்தது. ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டே பள்ளிக்குப் போவார்கள். எரிந்துபோன வீடுகள் இருந்த இடத்தில் ஆணிகள் நிறையக் கிடைக்கும். காந்தம் முள்ளம்பன்றி மாதிரி ஆனதும் பிடுங்கித் தகரடப்பாவில் போட்டுக்கொண்டு, மறுபடி இழுப்பார்கள். டப்பா நிறைந்தால் பழைய இரும்புக் கடை. செம்புக் கம்பி கிடைத்தால் அன்றைக்கு யோகம்தான். அந்தச் செம்புக் கம்பி எல்லாமே தரையில்தான் கிடந்ததா என்று ஒருவரிடம் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

ஆலை ஊரில் வளர்வது வேறு மாதிரி என்பது பள்ளியை விட வீட்டில்தான் நன்றாகத் தெரியும். அப்பாவுக்கு மூன்று ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார், அதனால் பிள்ளைகள் வீட்டுக்குள் மூச்சுக் காட்டக் கூடாது. மழையானாலும் வெளியே போய் விளையாடு என்பார் அம்மா. வரிசை வரிசையாகக் கம்பெனிக் குடியிருப்பு, ஒரே மாதிரி வீடுகள். அதில் யார் வீட்டு அப்பா கை வேலைக்காரர், யார் வீட்டு அப்பா அலுவலர் என்பது வீட்டின் அளவைப் பார்த்தாலே தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். சாமான் வாங்குவது கம்பெனிக் கடையில், காய்ச்சல் வந்தால் கம்பெனி மருத்துவமனை. தின்பண்டம்கூட ஆலையில் தயாரானதுதான். 1920களை ஒட்டி, உழைப்பாளிகள் உடம்பில் தெம்பு நிற்க வேண்டும் என்று ஆலையே உருவாக்கிய கெட்டி ரொட்டி ஒன்று உண்டு, 'குரோகானே கத்தாபான்' என்று பெயர். பிஸ்கட் மாதிரி இருக்கும், ஆனால் கடித்தால் பல்தான் போகும். ஓரத்தில் வைத்து ஊற ஊறச் சப்ப வேண்டும், அல்லது மேசை விளிம்பில் தட்டி உடைக்க வேண்டும். இப்போதும் அந்த ஊரில் விற்கிறார்கள். நான் தின்று பார்த்தேன். ருசி பரவாயில்லை, லேசான இனிப்பு. பல் டாக்டருக்கு வேலை வைக்கிற சாமான் என்பதில் சந்தேகமில்லை.

ஆண்டுக்கு ஒரு முறை நவம்பரில் ஆலை தொடங்கிய நாளைக் கொண்டாடுவார்கள். சர்க்கஸ் வரும், தெரு நெடுகக் கடைகள், கையில் கொஞ்சம் காசு. சரியாக அந்த நாட்களில்தான் குளிர் ஆரம்பிக்கும் என்பது ஊர்க்காரர்களின் கணக்கு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தாண்டுக்கு அடுத்த பெருநாள் அதுதான். ஒரு கம்பெனியின் பிறந்தநாள் ஊர்த் திருவிழாவாக இருப்பது வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். அவர்களுக்கு அது வெகு இயல்பு.

பேஸ்பால் பற்றிச் சொல்லாமல் போனால் என் பக்கத்து வீட்டுக்காரர் மன்னிக்க மாட்டார். நாடு முழுவதும் உள்ள பள்ளிகள் மோதும் கோஷியென் கோடைப் போட்டியில் 1947இல் கொக்குராப் பள்ளி வென்றது. வெற்றிக்கொடி கடலைத் தாண்டிக் கியூஷுவுக்கு வந்தது அதுதான் முதல் முறை. 1948இலும் அதே பள்ளி. பந்து வீசியவர் கசுவோ ஃபுகுஷிமா, அந்த ஆண்டு தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் எதிரணியை ஒரு ஓட்டம்கூட எடுக்க விடவில்லை. 1949இல் மூன்றாவது முறையும் வெல்வார்கள் என்று ஊரே காத்திருக்க, காலிறுதியில் தோற்றார்கள். மைதானத்தை விட்டு வெளியேறும்போது ஃபுகுஷிமா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். போட்டு வைத்ததே அவருக்கு நினைவில்லையாம், பின்னால் போட்டி அதிகாரி ஒருவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் பையைத் துழாவினார். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே கோஷியென் மண்ணை அள்ளிக்கொண்டு போகிற வழக்கம் இருக்கிறதே, அது அவரிடமிருந்துதான் தொடங்கியது என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். வேறு சிலர் பெயரும் சொல்லப்படுகிறது, ஆனால் அதை கொக்குராவில் நின்றுகொண்டு சொல்லிவிடாதீர்கள். அடுத்த பத்தாண்டில் தொழில்முறை அணியான நிஷிதெத்சு லயன்ஸ். 1958 இறுதித் தொடரில் முதல் மூன்று ஆட்டம் தோற்று அடுத்த நாலையும் ஜெயித்தார்கள், அந்த நாலு வெற்றியும் கசுஹிசா இனாவோ என்ற ஒரே பந்துவீச்சாளரின் கணக்கில். கடவுளே, புத்தரே, இனாவோவே என்று கும்பிட்டார்கள் கியூஷுவில். ஆலை ஊர்ப் பையன்கள் எல்லாரும் அப்போது இனாவோதான். பந்து கிடைக்காவிட்டால் துணியைச் சுருட்டிக் கட்டிக்கொள்வார்கள்.

எல்லாரும் ஒன்றாக விளையாடினார்கள், ஒன்றாகத் தின்றார்கள் என்பது வரை பொற்காலக் கதை சரி. பதினைந்து வயதில் அது பிரியும். நடுநிலைப் பள்ளி முடித்ததும் மேலே படிக்கப் போனவர்கள் 1950இல் நாடு முழுக்க 100க்கு 43 பேர்கூட இல்லை. 1965இல்தான் அது 70ஐத் தொட்டது. மற்றவர்கள் வேலைக்கு. யவாத்தாவில் அதற்கு ஒரு கௌரவமான வழி இருந்தது: ஆலையே தேர்வு வைத்துப் பையன்களை எடுத்துப் பயிற்சி கொடுத்தது. எடுத்துக்கொள்ளப்பட்டவன் வீட்டில் அன்று சிவப்பு மொச்சை சோறு. எடுபடாதவன் சின்னப் பட்டறைக்குப் போவான். பெண்களுக்கு அந்த வழியும் கிடையாது. பின்பக்கம் சிக்குஹோவில் நிலைமை இன்னும் மோசம். எண்ணெய் வந்து நிலக்கரியைத் தள்ளியதும் 1950களின் கடைசியில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. மதிய உணவுக் காசு கட்ட முடியாத, சாப்பாட்டு டப்பா கொண்டு வராத பிள்ளைகள் பற்றிய செய்திகள் வந்தன. 1959இல் சுரங்கக் குடும்பங்களுக்காக, காசு கொடுத்தவர்கள் சட்டையில் கறுப்பு இறகு குத்திவிட்டு நிதி திரட்டினார்கள். கொரியக் குடும்பத்துப் பிள்ளைகள் கதை தனி. ஆலையிலும் சுரங்கத்திலும் அவர்கள் அப்பாக்கள் உழைத்தார்கள், ஆனால் அந்த ஆலைத் தேர்வின் பக்கம் அவர்கள் போக முடியாது. வகுப்பு நண்பர்கள் மறுசந்திப்புப் படங்களில் யார் இல்லை என்று பார்த்தால் இதெல்லாம் தெரியும்.

இனி புகை. யவாத்தா நகரத்துக்கென்று பாடல் ஒன்று இருந்தது. வானை நிறைக்கும் புகையை உலகமே வியக்கும் காட்சி என்று புகழும் பாட்டு அது. பள்ளிப் பாடல்கள் சிலவும் அப்படித்தான். புகையை 'ஏழு நிறப் புகை' என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்தப் புகைபோக்கியில் எந்த நிறம் வருகிறது என்று பார்த்தே எந்தப் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடும் பையன்கள் இருந்தார்கள். 622 மீட்டர் உயரமுள்ள சராகுரா மலைக்குச் சுற்றுலா கூட்டிப் போய், கீழே புகைபோக்கிக் காட்டைக் காட்டி, இதுதான் நாட்டை மீண்டும் கட்டுகிறது என்பார் ஆசிரியர். அவர் சொன்னது பொய்யும் இல்லை. இரவில் உலையைத் திறந்தால் வானம் சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்தால் அப்பா வேலையில் இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூக்கம் வரும் என்றார் ஒருவர். புகை நின்றால் சம்பளம் நின்றது என்று அர்த்தம், வேலைநிறுத்தக் காலத்தில் அதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அம்மாக்களுக்கு மட்டும் இது வேறு விதமாகத் தெரிந்தது. காரணம் துவைத்த துணி. காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் சாம்பல் நிறமாக வரும், மறுபடி துவைக்க வேண்டும். கோடையிலும் சன்னலைத் திறக்க முடியாது. 1950 வாக்கிலேயே தோபாத்தாவின் நாகபாரு பகுதிப் பெண்கள் சங்கம், பக்கத்து மின்நிலையத்தின் கரித்தூளைத் துணியை வைத்தே நிரூபித்து, நகரசபை வரை போய்த் தூசு பிடிக்கும் கருவி வைக்கச் செய்தது.

1960களில் இன்னொரு பகுதிப் பெண்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்புவதோடு நிற்கவில்லை. ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் எப்படி அளப்பது என்று கற்றுக்கொண்டார்கள். விழுகிற தூசை அளந்தார்கள். வெவ்வேறு இடங்களில் துணியைத் தொங்கவிட்டு எது எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்தார்கள். அப்புறம் பள்ளிக்குப் போய் வருகைப் பதிவேட்டைக் கேட்டார்கள். எந்தெந்த நாளில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பதையும் காற்றின் அளவீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காற்று கெடக் கெடப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதது கூடியது. 'சளி, இருமல்' என்று ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தது ஊர்க்கதையாக மாறியது அந்தப் பதிவேட்டில்தான். 1965இல் எட்டு மில்லிமீட்டர் காமிராவில் 'நீல வானம் வேண்டும்' என்று ஒரு படம் எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். இதில் உள்ள சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். கணவருக்குச் சம்பளம் அதே ஆலைகளிலிருந்து. குடியிருப்பு கம்பெனியுடையது. உன் வீட்டுக்காரியை அடக்கி வை என்று கணவரிடம் சொல்ல மேலதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். அப்படியிருந்தும் அந்தப் பெண்கள் இதைச் செய்தார்கள். போர்க்காலத்தில் சிறுமிகளாக இருந்து, பாடப்புத்தகத்தில் மை பூசியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

எவ்வளவு தூசு? யவாத்தாவின் ஷிரோயாமா பகுதியில் 1965இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு மாதம் சராசரியாக 80 டன் விழுந்தது, நாட்டிலேயே மோசமான அளவு. அங்கே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. வகுப்பறைகளில் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி வைத்து, சன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தினார்கள். மக்கள் வேறு இடங்களுக்குப் போகப் போகப் பிள்ளைகள் குறைந்து, 1970களின் பிற்பாதியில் பள்ளியே மூடப்பட்டது. 1969இல் ஜப்பானின் முதல் புகைமூட்ட எச்சரிக்கை இந்த நகரத்தில்தான் விடப்பட்டது. டோக்காய் வளைகுடாவை அந்த நாளில் 'சாவுக் கடல்' என்றார்கள். அதன் தண்ணீரில் பிராணவாயுவே இல்லை என்று 1966இல் அளந்து சொன்னார்கள்.

அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. 1960களின் நடுவில் தோக்கியோவுக்கு அருகே கிமிட்சுவில் கம்பெனி புதிய ஆலை கட்டியது. ஆட்களை யவாத்தாவிலிருந்தே கொண்டுபோனார்கள், குடும்பம் குடும்பமாக. ரயில் நிலையத்தில் வழியனுப்பக் கூட்டம். வகுப்பில் வாரத்துக்கு வாரம் மேசைகள் காலியாயின. முன்பு இடமில்லாமல் இரண்டு வேளையாகப் பள்ளி நடந்த ஊரில் இப்போது வகுப்புகளை இணைத்தார்கள். அதே காலத்தில் பள்ளி படித்தவர்களிடம் பேசினால், புகையை விட இந்தப் பிரிவுதான் அவர்களுக்கு வலிக்கிறது. 'அவன் கியூஷு பேச்சை கிமிட்சுவில் எல்லாரும் கேலி செய்தார்களாம், கடிதத்தில் எழுதியிருந்தான்' என்று நேற்று நடந்தது போலச் சொல்வார்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு வந்தால்: அவர்கள் நினைத்து உருகுவது நெரிசலையோ புகையையோ இல்லை. 60 பேர் வகுப்பில் எல்லாருமே ஏழை என்பதால் யாருக்கும் வெட்கமில்லாமல் இருந்ததை, அப்பாவுக்கு நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதியை, இந்த ஆண்டை விட அடுத்த ஆண்டு கொஞ்சம் தேவலாம் என்று வீட்டில் பேச்சு அடிபட்டதை. 1950களின் கடைசியில் தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பெட்டி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த தலைமுறை அது. அந்த உணர்வு பொய்யில்லை. கூடவே, வானம் மீண்டும் நீலமானதற்கு யார் பாடுபட்டார்கள் என்பதை அந்தக் காலத்து ஆண்கள் பலரும் தானாகச் சொல்வதில்லை. கம்பெனியும் நகரசபையும் சேர்ந்து சரிசெய்தன என்று முடித்துவிடுவார்கள். அதுவும் உண்மைதான், கோடிக்கணக்கில் செலவழித்தார்கள், வளைகுடாவின் சேற்றை வாரினார்கள், இன்று அங்கே மீன் இருக்கிறது. ஆனால் முதலில் பதிவேட்டைக் கேட்டவர்கள் அவர்கள் அம்மாக்கள்.

அந்தப் பக்கம் போக வாய்ப்பு வந்தால் யவாத்தாவின் ஹிகாஷிதாவுக்குப் போங்கள். பழைய உலை ஒன்றை '1901' என்று எழுதிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே நகரத்தின் சுற்றுச்சூழல் அருங்காட்சியகம். பெண்கள் சங்கங்கள் செய்த வேலையை அங்கே விவரமாக வைத்திருக்கிறார்கள். ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் 1990இல் விண்வெளிக் கேளிக்கைப் பூங்கா வந்தது, 2017 முடிவில் அதுவும் மூடப்பட்டு இப்போது அங்கே கடைத்தொகுதி. ஊரில் வயதானவர் யாராவது பேச்சுக்குக் கிடைத்தால் எடுத்தவுடன் மாசைப் பற்றிக் கேட்காதீர்கள், வாயை மூடிக்கொள்வார்கள். பள்ளிப் பால் எப்படி இருந்தது என்று கேளுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.